ஆயில்யமும் அனுமதி எண்ணும்

"இது வேறு கம்ப்யூட்டர்" என்றது கம்ப்யூட்டர்.

ரகுபதி கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டித் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நீலத் திரை கொஞ்சமும் கூசாமல் அதையேதான் சொல்லிற்று. 'இது வேறு கம்ப்யூட்டர். இந்த ஜாதக சாஃப்ட்வேர் இதில் இயங்காது. கீழே உள்ள எண்ணைப் போனில் படித்து, அனுமதி எண் பெற்றுக்கொள்ளவும்.' அதற்குக் கீழே முழ நீளத்துக்கு ஒரு எண். அதற்கும் கீழே அடையாறு போன் நம்பர் ஒன்று.

"வேற கம்ப்யூட்டராவது! வந்த நாளா உனக்குத்தானே சந்தனம் குங்குமம் வெச்சிண்டு வரேன்!"

"என்ன சொல்றது உங்க மெஷின்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அபயாம்பாள் மாமியின் குரல். பட்டுப்புடவை, வைரத்தோடு, மடியில் கைப்பை. மாமி நாற்காலியை ரகுபதியின் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாதல்லவா?

"ஒண்ணுமில்லை மாமி. ஒரு சின்ன போன்."

சின்ன போன்தான். ஆனால் அதில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே பெண் ஹம்சினியின் கல்யாணம்.

விஷயம் இதுதான். ஹம்சினியும் மாமியின் பிள்ளை ஸ்ரீவத்சனும் தி.நகரில் ஒரே ஆபீஸ். இருவருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று. மாமிக்கும் ஹம்சினியைப் பிடித்திருந்தது. பிடிக்காதது அவள் நட்சத்திரம். ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பது மயிலாப்பூரில் மாமியார்கள் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

வடக்கு மாட வீதி ஜோசியர், "முதல் பாதமா இருந்தா தோஷம் இல்லை" என்றார். மந்தைவெளி ஜோசியர், "முதல் பாதம் இல்லையே" என்று தலையை ஆட்டினார். மாமி இரண்டு பேரையும் தள்ளிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மனுஷா வாய்க்கு வந்ததைச் சொல்லுவா. கம்ப்யூட்டர் என்ன சொல்றதோ அதுக்கு நான் கட்டுப்படறேன். ஆனா நானும் பக்கத்துல உக்காந்துப்பேன். பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தெரிஞ்சாகணும். இல்லேன்னா மேற்கு மாம்பலத்துல பாத்து வெச்சிருக்கிற ரோகிணி நட்சத்திரப் பொண்ணுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

மயிலாப்பூரில் ஜாதகம் போடுகிற கம்ப்யூட்டர் ரகுபதியிடம்தான் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வாசல் அறையில் 'கம்ப்யூட்டர் ஜாதகம், பொருத்தம்' என்று போர்டு மாட்டி ஒரு மாசம்கூட ஆகவில்லை. வந்தவர் போனவர் ஜாதகத்தையெல்லாம் போட்ட மனுஷர், பெண்ணுடைய ஜாதகத்தை மட்டும் ஒரு தடவைகூட அதில் போட்டதில்லை. பயம்.

"அவர் பொண்ணுக்கு அவர் மெஷினே பாக்கறதா, சரியா வருமா?" என்று மாமியை யாரோ கேட்டார்களாம். "ரகுபதி பொய் சொல்ல மாட்டார். அந்த மனுஷனுக்கு வராது" என்றாளாம் மாமி. வாஸ்தவம். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால், இறங்கின பிறகும் பஸ்ஸின் பின்னாலேயே ஓடுகிற ஆசாமி அவர்.

ஹம்சினி காலையிலேயே ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். "நான் இங்க இருக்க மாட்டேம்ப்பா. என்னை வேண்டாம்னு அந்த மெஷின் சொல்லித்துன்னா, சாயங்காலம் வந்து பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். செய்யக்கூடியவள்தான்.

ரகுபதிக்கு இப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டதென்று, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கபாலி வந்து புதுசு மாட்டிவிட்டுப் போயிருந்தான். "சோக்கா ஓடும் சார், கவலையே படாத" என்றும் சொல்லியிருந்தான். ஓடியது. ஓடிப்போய் வேறு கம்ப்யூட்டராகிவிட்டது.

போன் கூடத்தில், சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. ரகுபதி நம்பரைச் சுழற்றினார்.

"கிரகமாலா சாஃப்ட்வேர். சொல்லுங்கோ" என்றது ஒரு பெண் குரல். நடுத்தர வயசைத் தாண்டின குரல். பின்னால் குக்கர் விசிலடித்தது.

"என்ஜினீயர் இருக்காரா?"

"என்ஜினீயர் டாக்டர்கிட்ட போயிருக்கா. மாசாமாசம் போகணும், இன்னிக்கு முறை. நம்பர் குடுக்கறது நான்தான். என்ன மாத்தினேள், ஹார்ட் டிஸ்க்கா?"

ரகுபதி அசந்துபோனார். "எப்படி மேடம் கண்டுபிடிச்சேள்?"

"இந்த வெயில்ல ஊர்ல எல்லாருக்கும் அதுதானே போறது. திரையில இருக்கிற நம்பரை நிதானமாப் படிங்கோ. பதட்டமே வேண்டாம்."

திரை வாசல் அறையில், போன் கூடத்தில். நடுவில் ரேழி. ஆகவே ரகுபதியின் மனைவி சுலோச்சனா திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து உரக்கப் படிப்பது, அவர் அதைப் போனில் திருப்பிச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

"நாலு! ரெண்டு! எட்டு! எட்டு!" என்று ஆரம்பித்தாள் சுலோச்சனா.

"ராம ராமா!" என்றாள் மாமி. "சுப காரியத்துக்கு உக்காந்துண்டு எட்டு எட்டுன்னு சொல்றாயே, நன்னாவா இருக்கு?"

சம்பந்தியாக வரப்போகிறவள் சொல்கிறாள். சுலோச்சனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் எட்டு வந்த இடத்திலெல்லாம் "ஏழுக்கு அடுத்தது" என்றாள். ரகுபதியும் கர்ம சிரத்தையாக, "ஏழுக்கு அடுத்தது" என்றே போனில் ஒப்பித்தார். எதிர்முனையில் அந்த அம்மாள் ஏழு என்று போட்டுக்கொண்டு, அடுத்தது என்ன என்று காத்திருந்தாள்.

வந்த அனுமதி எண்ணைத் தட்டினார். 'தவறான எண்' என்றது திரை. சொல்லிவிட்டு அணைந்து, உயிர் பெற்று, வேறொரு முழ நீள எண்ணைக் காட்டியது.

ரகுபதி மறுபடி போனுக்கு ஓடினார். நடந்ததைக் கேட்டு அந்த அம்மாள் சிரித்தாள் பாருங்கள், காதிலிருந்து ரிசீவரைத் தள்ளிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

"ஏழுக்கு அடுத்ததுன்னா எட்டுதானே? பேஷா எட்டுன்னே சொல்லுங்கோ. எட்டு யாரையும் கடிக்காது. யார் உங்களுக்கு இந்த மாதிரியெல்லாம் சொல்லிக்குடுக்கறா?"

"பெரியவா ஒருத்தர் வந்திருக்கா" என்றார் ரகுபதி, வாசல் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

"சரி, ஒண்ணு பண்ணுங்கோ. போனையும் மெஷினையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாங்கோ. அப்புறம் கூப்பிடுங்கோ. நான் எங்கேயும் போயிடலை, இங்கதான் கீரை ஆய்ஞ்சிண்டிருக்கேன்."

"என்ன பொறுமை பாருங்கோ!" என்றார் ரகுபதி, ரிசீவரை வைத்துவிட்டு. அதுவரை நாட்டில் யாருக்கும் போன் செய்து இவ்வளவு மரியாதையான பதில் அவருக்குக் கிடைத்ததில்லை. போன் ரிப்பேரென்று கம்ப்ளெயின்ட் கொடுக்கப்போனால்கூட ஏதோ அவரே உடைத்ததுபோலப் பேசுவார்கள்.

போன் ஒயர் நீளவில்லை. ஆகவே கம்ப்யூட்டர் கூடத்துக்கு வந்தது. மானிட்டரை ரகுபதியும், பெட்டியைச் சுலோச்சனாவும், பிரிண்டரைத் தானே முன்வந்து மாமியும் தூக்கிக்கொண்டார்கள். "கையில குடுங்கோ, எனக்கென்ன வயசா ஆயிடுத்து?" என்றாள் மாமி. பெட்டி ரேழி நிலைப்படியில் ஒரு இடி இடித்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்விட்சைப் போட்டால், திரை கறுப்பாகவே இருந்தது.

"போச்சு!" என்றாள் சுலோச்சனா.

அந்த நேரம் பார்த்து வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. கபாலி!

"நேத்து ஸ்க்ரூ டிரைவரை இங்கயே உட்டுட்டுப் பூட்டேன் சார். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்க்கினு இருந்தேன், அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"கபாலி, நீ தெய்வம்டா!" என்று ரகுபதி அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்.

கபாலி மூடியைக் கழற்றி உள்ளே விரலைவிட்டான். "படம் காட்ற கார்டு சார், ஆடிப்போய் கீது. இது டப்பா கார்டு. நம்மகிட்ட சூப்பர் கார்டு ஒண்ணு கீது, மாட்டி உடறேன். சினிமா மாதிரி தெரியும்."

"பழசையே அழுத்தி வெச்சா போறாதா?"

"இன்னா சார் நீ! பொண்ணு கல்யாண மேட்டருன்ற. கஞ்சத்தனம் பண்ணாத நைனா."

சூப்பர் கார்டு ஏறியது. திரை பளிச்சென்று சினிமா மாதிரியே எரிந்தது. 'இது வேறு கம்ப்யூட்டர்' என்று சினிமா மாதிரியே சொன்னது. மறுபடி புது எண்.

"இன்னாது இது, மூளை கெட்ட மெஷினா கீது!" என்றான் கபாலி. "கார்டு மாத்தினா ஆளே மாறிட்டாங்கன்னு சொல்லுதே. நான் சட்டை மாத்தினா எங்கம்மா அடையாளம் தெரியலன்னா சொல்லும்?" ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

ரகுபதி மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை எட்டையெல்லாம் தைரியமாக எட்டென்றே படித்தார். மாமி ஒவ்வொரு எட்டுக்கும் "சிவ சிவா" சொல்லிக்கொண்டாள். நடுவில் போனில் யாரோ குறுக்கே புகுந்து, "துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து மூணு" என்றார்.

"அந்த ரெண்டும் மூணும் உங்களோடது இல்லையே? நான் எழுதிக்கலை" என்றாள் அந்த அம்மாள். பருப்புக்காரரிடமும், "ஸார், உளுந்து புதுசு வரட்டும், இப்ப வாங்காதேள், வண்டு இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அனுமதி எண்ணைக் கொடுத்தாள். என்ன மனுஷி ஐயா அவள்!

ரகுபதி எண்ணைத் தட்ட விரலைத் தூக்கினார்.

"இருங்கோ" என்றாள் மாமி. "புதுசா பாகம் போட்டிருக்கேளே, ஒரு கற்பூரம் காட்டினேளா?"

"மணி பத்தடிச்சாச்சு மாமி..."

"கற்பூரம் காட்ட எவ்வளவு நேரம்? என் பிள்ளைக்குப் பொருத்தம் பாக்கப்போற மெஷின். காட்டிட்டுத் தட்டுங்கோ."

சுலோச்சனா பூஜை அறைக்கு ஓடித் தட்டைக் கொண்டுவந்தாள். கற்பூரம் ஏற்றினால், தலைக்கு மேலே ஃபேன் ஊதி அணைத்தது. இன்னொன்று ஏற்றினாள். அதையும் ஊதிற்று.

"ஃபேனை அணையேன்" என்றாள் மாமி.

சுலோச்சனா பலகையில் ஸ்விட்சைத் தட்டினாள். ஃபேன் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

சுலோச்சனா பக்கத்து ஸ்விட்சைத் தட்டி ஃபேனை நிறுத்திவிட்டு, இன்னொரு கற்பூரம் ஏற்றினாள். கற்பூரம் மட்டும் இப்போது அழகாக எரிந்தது. ரகுபதி கறுப்புத் திரைக்கு எதிரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்வார் பாவம்!

மறுபடி உயிர் வந்தபோது புது எண் வந்தது. மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுலோச்சனா கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஏன்னா, அந்த அனுமதி எண்ணெல்லாம் எதுக்கு? தோஷம் இல்லைன்னு நீங்களே டைப் அடிச்சு ஒரு பேப்பர் எடுத்துக் குடுத்துடுங்கோளேன்! நான் மாமியைக் காபி குடுத்து வாசல்ல உக்காத்தி வெக்கறேன்."

"சுலோச்சு!"

"நம்ம குழந்தைன்னா!"

"தெரியும்டீ. எனக்கு மட்டும் இல்லையா?" என்றார் ரகுபதி. "ஆனா அந்த மாமி என்னை நம்பித்தான் வந்து உக்காந்திருக்கா. நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, நான் பொய் எழுதினதாலதான் வந்ததுன்னு எனக்குத் தோணும். தூங்க முடியாது என்னால."

சுலோச்சனா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனுஷனை என்ன செய்வது? இதற்காகத்தான் இவரைப் பிடித்தும் இருக்கிறது, இதற்காகத்தான் இவர்மேல் பற்றிக்கொண்டும் வருகிறது.

மறுபடி போன்.

"மூணாவது நம்பரா?" அந்த அம்மாளின் குரல் முதல் தடவையாகத் தயங்கியது. "ஒரு நாளைக்கு ரெண்டுதான் குடுக்கலாம். மூணாவது கேட்டா, திருட்டுத்தனமா வேற யாருக்கோ போட்டுக் குடுக்கறான்னு அர்த்தமாம். என்ஜினீயர் கண்டிச்சுச் சொல்லியிருக்கா."

"ரூல்னா ரூல்தான் மேடம்" என்றார் ரகுபதி. நாக்கு அதுவாகவே சொல்லிவிட்டது. "நீங்க இவ்வளவு தூரம் உதவி பண்ணினதே பெரிசு. ரொம்ப நமஸ்காரம்."

ரிசீவரை வைக்கப்போனவர் கையிலிருந்து சுலோச்சனா அதைப் பிடுங்கினாள்.

"மாமி, நான் அவர் ஆத்துக்காரி பேசறேன். அவர் திருடரும் இல்லை, ஒண்ணும் இல்லை. திருடத் தெரிஞ்சிருந்தா உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டார். இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள இந்த மெஷின் வாயைத் திறக்கலைன்னா எங்க பொண்ணு கல்யாணம் நின்னுடும். அந்தப் பையன்னா அவளுக்கு உசிர் மாமி!"

போனில் குக்கர் மட்டும் விசிலடித்தது. பிறகு, "பொண்ணு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"ஆயில்யம்."

"பக்கத்துல உக்காந்திண்டிருக்கிறது பையனோட அம்மாவா?"

"ஆமாம் மாமி."

"எட்டு கூடாதுன்னு சொன்னது அவளா?"

"ஆமாம்" என்றாள் சுலோச்சனா, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"நம்பரைப் படிங்கோ. என்ஜினீயர் கோச்சுண்டா நான் சமாளிச்சுக்கறேன். ஒரு ஸ்விட்ச் மேலயும் கையை வெக்காதேள்."

சுலோச்சனா எண்ணைப் படித்தாள். பதில் எண் வந்தது. ரகுபதி தட்டினார். மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலத் திரை விலகி, நடுவில் பிள்ளையார் வந்து, 'நல்வரவு' என்றார்.

"வந்துட்டார்!" என்று கத்தினாள் மாமி, தன்னை மறந்து. ரோகிணி நட்சத்திரத்தை அவளே ஒரு கணம் மறந்துபோனாள்.

ரகுபதி ஹம்சினி பிறந்த தேதியைத் தட்டினார். நேரத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துத் தட்டினார். அவள் பிறந்த அன்று, திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவரே குறித்துக்கொண்ட நேரம். சரியாகத்தான் பார்த்தோமா, சந்தோஷத்தில் முன்னே பின்னே பார்த்துவிட்டோமா? ஸ்ரீவத்சனுடைய விவரங்களை மாமி சொல்லச் சொல்ல அதையும் போட்டார். கடைசிப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

பிரிண்டர் வீடு அதிர அழுதுகொண்டே காகிதத்தைத் தள்ளியது. மாமி அதை முதல் ஆளாகக் கிழித்து எடுத்துக்கொண்டாள். தூரப் பிடித்துப் படித்தாள்.

"ஆயில்யம். மூணாம் பாதம்."

சுலோச்சனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதல் பாதம் இல்லை. மந்தைவெளி ஜோசியர் சொன்னதுதான் சரி.

மாமி அடுத்த வரிக்குப் போனாள். நின்றாள். காகிதத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். "மாமியார் தோஷம்... இல்லை. பொருத்தம் உத்தமம்."

"என்னது?" என்றார் ரகுபதி.

"இல்லைன்னு போட்டிருக்கு! பாருங்கோ! மூணாம் பாதம்னும் போட்டு, தோஷம் இல்லைன்னும் போட்டிருக்கே, எத்தனை கணக்குப் போட்டுப் பாத்திருக்கணும் அது! ஜோசியன் எவனுக்காவது இந்தச் சூட்சுமம் தெரிஞ்சுதா?" மாமி கம்ப்யூட்டரை ஆசையாகத் தடவிக்கொடுத்தாள். "அதுக்கு வேண்டியவாளும் இல்லை, வேண்டாதவாளும் இல்லை. அதான் நியாயமாச் சொல்றது. சுலோச்சனா, இனிமே நாம சம்பந்தி. ராகு காலம் வரதுக்குள்ள சக்கரையை எடு!"

சர்க்கரை வந்தது. மாமி சுலோச்சனாவைக் கட்டிக்கொண்டு, ஒரு ஸ்பூன் அவள் வாயில் போட்டு, ஒரு ஸ்பூன் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சத்தைக் கம்ப்யூட்டர் முன்னாலும் வைத்தாள். பிறகு ஆபீஸில் இருக்கிற பிள்ளையிடம் தானே போன் செய்து, "வத்சா, ஹம்சினியை மத்தியானம் ஹோட்டலுக்கு அழைச்சிண்டு போ. நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள். ராகு காலம் முடிகிறவரை கிளம்பக் கூடாதென்று, வாசல் அறையில் காபியோடு போய் உட்கார்ந்தாள்.

ரகுபதிக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. அழுகையோடு அழுகையாக இன்னொன்றும் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மூணாம் பாதத்துக்கு எப்படித் தோஷம் இல்லாமல் போகும்? நாளைக்கே மாமி கேட்டால் காரணம் சொல்லவேண்டாமா? பஸ் பின்னால் ஓடுகிற மனுஷர் அல்லவா.

போனை எடுத்துச் சுழற்றினார்.

"மேடம், கல்யாணம் நிச்சயம் ஆயிடுத்து! எல்லாம் உங்களாலதான். உங்க கால்ல விழணும் நாங்க."

"நன்னா இருக்கட்டும் குழந்தைகள். பத்திரிகை அனுப்புங்கோ. அடுத்த தடவை சூப்பர் கார்டு கீர்டுன்னு யாராவது வந்தா உள்ள விடாதேள்."

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். மூணாம் பாதம்னு போட்டுட்டு, தோஷம் இல்லைன்னும் போட்டிருக்கு. அது எந்த சாஸ்திரப்படின்னு தெரிஞ்சா..."

எதிர்முனையில் குக்கரை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது.

"எங்காத்து சாஸ்திரப்படிதான்" என்றாள் அந்த அம்மாள். "அதை எழுதின என்ஜினீயர் என் மாட்டுப்பொண்ணு, அவளும் ஆயில்யம், ஆயில்யத்துக்கு மாமியார் தோஷம்னு எழுத வந்தவளை, 'அந்த வரியை அழிடீ, நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துண்டிருக்கேன், கண்ணு தெரியலையா'ன்னு அதட்டி அழிக்க வெச்ச மாமியார் நான்தான்."